பீலித் தண்ணீரில் நனைத்த அவல்

நமுனுகுல,
மேல் கணக்கு லயம்,
8.11.1959

என் ஆசை மகன் சின்னராசாவுக்கு அம்மா எழுதுவது. கதிர்காமத்தான் புண்ணியத்தில் நானும் உன் மகள் லீலாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் சரோஜாவும் தொட்டில் பிள்ளையும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது நான் அடுப்படியில் இருந்தேன், கையைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று முழுவதும் வாசித்தேன், பிறகு உள்ளே போய் உட்கார்ந்து இன்னொரு தரம் வாசித்தேன். தை பிறந்ததும் லீலாவைக் கொழும்புக்கு அழைத்து அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா, இல்லை இன்னும் ஒரு வருடம் என்னிடமே விடுவதா, அம்மா நீயே சொல் என்று கேட்டிருக்கிறாய். சரோஜா இராத்திரி பகல் அழுகிறாள் என்றும் எழுதியிருக்கிறாய். உன் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம், ஆனால் நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வரக்கூடாது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து போட்ட கார்டில், கூடைக்காரி விற்ற வெரளிக்காயால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தது, இப்போது சுகம் என்று எழுதினேன் அல்லவா, அதில் வயிற்றோட்டமும் சுகமும்தான் உண்மை, வெரளிக்காய் உண்மை இல்லை.

மற்றச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, லீலா அதற்கு ராணி என்று பேர் வைத்திருக்கிறாள். கீழ் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டு நடக்கிறது, அதனால் விறகுக்குக் குறை இல்லை. ஐப்பசி மழை இந்த வருடம் பேய் மழை, பசறைப் பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் வரவில்லை. சரோஜா நட்டுவிட்டுப் போன போஞ்சிக் கொடி மழையில் சாய்ந்துபோனது, கம்பு ஊன்றி நிமிர்த்திவிட்டிருக்கிறேன், பூ வைத்திருக்கிறது என்று அவளிடம் சொல்.

நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஞானேஸ்வரி என்று யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் வந்திருப்பதாக முன்பே எழுதியிருந்தேன். சின்ன வயசு, வெள்ளைச் சேலை, குடையில்லாமல் வெளியே காலெடுத்து வைக்க மாட்டார். வந்ததிலிருந்தே தண்ணீர் தண்ணீர் என்று ஒரே பாடம். பிள்ளைகள் கொதிக்கவைத்து ஆறின தண்ணீரைப் போத்தலில் கொண்டுவரவேண்டும், தின்னுவதற்கு முன்னும் கக்கூஸ் போய்வந்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும், நகம் வளர்ந்திருந்தால் வெட்டிக்கொண்டு வா என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பள்ளிக்கூட வாசலில் இடைவேளைக்குப் பண்டம் விற்கிற ரஹ்மத்தும்மாவை உனக்கும் தெரியும், பசறையிலிருந்து கூடையோடு பஸ்ஸில் வருவாரே, வெரளிக்காய் அச்சாறும் அவித்த கடலையும். அவரையும் டீச்சர் விடவில்லை, கூடைக்கு வெள்ளைத் துணி போடச் சொன்னார், கையால் அள்ளாமல் அகப்பையால் அள்ளிக் கொடுக்கச் சொன்னார். அந்த அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் மறுநாளே துணியும் அகப்பையுமாக வந்து நின்றது. நான்தான் கேட்கவில்லை. சரோஜாவும் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும்போது, மாமி, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுங்கள் என்று ஒரு கேத்தலை வாங்கி வைத்துவிட்டுத்தான் போனாள். அதை நான் பரணில் ஏற்றிவிட்டேன். மலையிலிருந்து குழாயில் விழுகிற இந்தப் பீலித் தண்ணீரைக் குடித்துத்தானே என் மகன் ஆளானான், இந்த லயத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான், எனக்கா இவர்கள் பாடம் சொல்வது என்று ஒரு எண்ணம். அது தப்பான எண்ணம் ராசா.

நவராத்திரியில் வந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூசை. உன் அப்பா சில்லறைக் கங்காணியாக இருந்த காலத்திலிருந்து பள்ளிக்கூடத்துப் பூசைக்கு அவல் நனைத்துக் கொடுப்பது நம் வீட்டு முறை, அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. முதல் நாள் டீச்சர் வீட்டுக்கே வந்து, "அம்மா, குறை நினையாதேங்கோ, இந்த மழைக்குள்ளை பச்சைத் தண்ணியிலை நனைக்க வேண்டாம், கொதிச்சாறின தண்ணியிலை நனையுங்கோ" என்று கேட்டுக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். "டீச்சரம்மா, அடுப்புல ஏத்துன தண்ணி ஆக்குன தண்ணி. ஆக்குன தண்ணிய அம்மனுக்குப் படைக்கிற பழக்கம் எங்க வம்சத்துலயே கெடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பக்கத்துக் காம்பராக் கருப்பம்மா கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்புடிச் சொல்லுக்கா, யாழ்ப்பாணத்துச் சாமிக்குக் காப்பி போட்டுக் குடுப்பாக போல" என்றாள், லயமே சிரித்தது.

மறுநாள் விடியக்காலம் யாரும் பீலிக்கு வருமுன் நான் முதல் ஆளாகப் போய்த் தலை முழுகினேன். இன்னொரு கை படாத தண்ணீர் வேண்டும் என்று முதல் விழுகிற தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் பிடித்தேன். முந்தின இராத்திரி முழுவதும் மழை கொட்டியிருந்தது. பீலிக்கு மேலே அழுக்குத் தண்ணீர் ஓடுகிற கான் இடிந்து, மேல் லயத்துக் கக்கூஸ் குழியில் நிரம்பின அழுக்கெல்லாம் பீலிக்கு வருகிற வாய்க்காலில் கலந்திருக்கிறது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது, அன்றைக்குத் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. என் மூச்சுக் காற்றுப் படக்கூடாது என்று வாயில் துணி கட்டிக்கொண்டு அவலை நனைத்து, தேங்காயும் சர்க்கரையும் ஏலமும் போட்டுப் பிசைந்தேன். அவ்வளவு சுத்தம் பார்த்தேன் ராசா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று சோப்பை எடுக்கப் போனபோது நான் சத்தம் போட்டேன், சோப்பு மாட்டுக் கொழுப்பில் செய்கிறது, அதைத் தொட்ட கையிலா அம்மன் பிரசாதம் வாங்குவது என்று. ஒரு கும்பாவில் அதே பீலித் தண்ணீரை வைத்து எல்லாப் பிள்ளைகளும் அதிலேயே கையை நனைத்துக்கொள்ளட்டும் என்றேன். டீச்சர் சோப்பை எடுத்து ஓரமாக வைத்தார். என் மரியாதைக்காக அவரும் ஒரு பிடி வாங்கித் தின்றார். லீலா தன் பங்கைத் தின்றுவிட்டு, எங்க அப்பாயி செஞ்சது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு இன்னொரு பிடி கேட்டு வந்தாள், பெருமையோடு அள்ளிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை சாயந்தரமே இரண்டொரு பிள்ளைகளுக்கு வயிறு போகத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு லயம் இதே பேச்சு, வாந்தியும் பேதியும். யாரோ கூடைக்காரியின் வெரளிக்காய் என்று வாயைத் திறந்தார்கள், அது போதும் எங்களுக்கு. திங்கட்கிழமை காலையில் ரஹ்மத்தும்மா ஒன்றும் அறியாமல் கூடையை இறக்கி வைத்தார். பொம்பிளைகள் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குக்கூடப் போகாமல் பள்ளிக்கூட வாசலில் கூடி நின்றோம். எல்லாருக்கும் முன்னால் நின்றது நான். அந்த அம்மா, "அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றேன் பெரியாயி, எண்ட பேரப்புள்ளைக்குக் குடுக்காத சாமான நான் உங்கட புள்ளைகளுக்குக் குடுத்தல்ல" என்றார். "ஒம் பேரப்புள்ள நல்லாத்தான் இருக்கு, எங்க புள்ளைகதான் சாகுது" என்று நான் கத்தினேன். யாருடைய கால் பட்டதோ, கூடை கவிழ்ந்து அச்சாறும் கடலையும் சேற்றில் கொட்டியது. அவர் துணியை மட்டும் எடுத்து உதறி மடித்துக்கொண்டு நடந்துபோனார். நான் ஜெயித்தவளைப் போல வீட்டுக்கு வந்தேன். வந்து பார்த்தால் லீலா சுவரோரம் சுருண்டு படுத்திருக்கிறாள், பாயெல்லாம் நனைந்திருக்கிறது.

இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், சரோஜா தெரிந்துகொள்ள வேண்டும். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டேன். வசம்பு சுட்டுக் கொடுத்தேன். போகிற வயிற்றுக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், வயிற்றைக் காயப்போட்டால் தானாக நிற்கும் என்றுதான் என் அம்மா எங்களுக்குச் செய்தாள், நானும் உனக்கு அப்படித்தான் செய்தேன், அதனால் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை. பிள்ளை, "அப்பாயி, ஒரே ஒரு மடக்கு" என்று கெஞ்சினாள். "குடிச்சா செத்துப் போவடி கண்ணு, பொறுத்துக்க" என்றேன். நெற்றியில் நனைத்துப் போட்டிருந்த துணியை என் கண்ணுக்குத் தெரியாமல் இழுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். அன்புதான் ராசா, அன்பில்தான் பிடுங்கினேன்.

பொழுது சாயப்போகும்போது டீச்சர் வந்தார். பள்ளிக்கூடம் பாதி காலி, வராத பிள்ளைகளின் வீடு வீடாக ஏறிக்கொண்டு வந்திருக்கிறார். லீலாவின் கண்ணைப் பார்த்தார், வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார், கிள்ளின தோல் அப்படியே நின்றது. "பிள்ளைக்குத் தண்ணி குடுத்தனீங்களோ?" என்று கேட்டார். காலையிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "ஐயோ அம்மா, பிள்ளையைக் காய வைச்சுப்போட்டு நிக்கிறியள்" என்று சொல்லிக்கொண்டே என் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சியின் தெளிவை வடித்து, உப்புப் போட்டு, கரண்டி கரண்டியாக ஊட்டத் தொடங்கினார். லீலா கரண்டியைக் கடித்துக்கொண்டு விடவில்லை. வாந்தி எடுத்தாலும் கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊட்டினார். கருப்பம்மா ஓடிப்போய் லொறிக்காரரிடம் சொன்னாள், கொழுந்து ஏற்றுகிற லொறியிலேயே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக டீச்சர் ஊட்டுவதை நிறுத்தவில்லை. அங்கே கையில் ஊசி குத்திப் போத்தல் தண்ணீர் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஐயா தொடங்கினார், என் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லவில்லை. தாய் எங்கே என்று நர்ஸ் கேட்டபோது நான்தான் என்று முந்திக்கொண்டு சொன்னேன். லீலாவுக்கு அதற்குள் நினைவு வந்திருக்கிறது, "இது அப்பாயி. எங்கம்மா கொழும்புல" என்று திருத்தினாள்.

பிள்ளை கண் விழித்த தைரியத்தில்தான் அந்தக் கார்டைப் போட்டேன், பழியை ரஹ்மத்தும்மா மேல் போட்டு. வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கருப்பம்மா தன் பிள்ளைகளும் படுத்தது எப்படி என்று பேசும்போது, "எம் புள்ளைக என்னைக்குக்கா கூடையில வாங்கித் தின்னுச்சு, நான் சல்லி குடுத்தாத்தானே" என்று சிரிப்பாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாங்கித் தின்னாத பிள்ளையும் படுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ரஹ்மத்தும்மா வியாபாரத்துக்கு வருகிறதே இல்லை. தடிமனால் பூசைக்கு வராமல் வீட்டில் நின்ற பிள்ளைகள் ஒருவரும் படுக்கவில்லை. டீச்சருக்கும் இரண்டு நாள் வயிறு போயிருக்கிறது, அதோடுதான் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார், வெளியே சொல்லவில்லை. நான் போய், டீச்சரம்மா, அவல்தானே என்று கேட்டேன். அவர், "எனக்கு அண்டைக்கே விளங்கினது அம்மா. பிரசாதத்தைச் சொன்னால் சனம் என்னைப் பள்ளிக்கூடத்துக்குள்ளை விடாது எண்டு பயந்துபோனன்" என்றார். அவருக்குப் பயம், எனக்கு வீம்பு, இரண்டுக்கும் நடுவில் ஒரு வாயில்லாத மனுஷியின் கூடை கவிழ்ந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பீலியடியில் எல்லாரும் குடத்தோடு நிற்கும்போது சொன்னேன், கூடைக்காரம்மா மேல் தப்பில்லை, நான் நனைத்த அவல்தான் என்று. ஒருத்தியும் ஒத்துக்கொள்ளவில்லை. "சாமி பிரசாதத்த அப்புடிச் சொல்லாதக்கா, நாக்கு அழுகிப் போகும்" என்று வாயைப் பொத்தினார்கள். "அம்மன் மேல ஏண்டி போடுறீங்க? அம்மனா வந்து தண்ணி மொண்டா? மொண்ட கை இதுதான்" என்று கையை நீட்டிக் காட்டினேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிலர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், பேத்தி பிழைத்ததில் கிழவிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று ஒருத்தி சொன்னதும் காதில் விழுந்தது. கணக்கப்பிள்ளையிடம் சொல்லிக் கானைக் கட்டுவித்துச் சுண்ணாம்பு போட்டிருக்கிறார்கள், அது ஒன்றுதான் மிச்சம்.

பிறகு பஸ் ஏறிப் பசறைக்குப் போனேன். ரஹ்மத்தும்மா என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "பேத்திக்கு எப்பிடி, சொகமா?" என்று. உள்ளே அழைத்துப் பாய் போட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன், கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி வாசலுக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். "கோவமில்ல பெரியாயி, ஆனா வாணாம். நாளைக்கு ஒரு புள்ளைக்குத் தலையிடிச்சாலும் எல்லாரும் எண்ட கூடையத்தான் பாப்பாங்க" என்றார். இப்போது பஸ் நிற்கிற இடத்தில் விற்கிறாராம், பிள்ளைகளைப் போலப் பெரியவர்கள் வாங்குகிறார்களா என்ன. அந்த அம்மாவின் சிரித்த முகத்தை நம் பிள்ளைகள் இனிமேல் இடைவேளையில் பார்க்கமாட்டார்கள், அதைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை.

லீலா தேறிவிட்டாள், கன்றுக்குட்டியோடு ஓடுகிறாள், முகத்தில் சதை பிடித்திருக்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறேன், கிணுகிணு என்று கேத்தல் சத்தம் போடும்வரை அடுப்பை விட்டு நகர்வதில்லை. ஆனால் நான் தம்ளரை நீட்டும்போதெல்லாம் உடனே வாங்கமாட்டாள், என் முகத்தைப் பார்த்து, "குடிக்கலாமா அப்பாயி?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறாள். தண்ணீர் நல்லதா என்று அவள் கேட்கவில்லை, நான் விடுவேனா என்று கேட்கிறாள். குடிடா கண்ணு என்று ஒவ்வொரு தரமும் சொல்கிறேன், அடுத்த தரமும் கேட்கிறாள்.

உன் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். என் உயிர் இருக்கும்வரை பிள்ளையை விடமாட்டேன், கொழும்புக் குழாய்த் தண்ணீர் என் பேத்திக்கு ஆகாது என்று போன சித்திரையில் எழுதினவள் நான்தான், அதைக் கிழித்துப் போட்டுவிடு. இதை நீயும் முடிவு செய்யவேண்டாம், நானும் செய்யமாட்டேன். இந்தக் கடிதத்தை நீ வாசித்துச் சொல்லாமல் சரோஜாவின் கையிலேயே கொடு, நீ வாசித்தால் அம்மா மேல் உள்ள பாசத்தில் இரண்டு வரியை விட்டுவிடுவாய். கிழவி தனியாகக் கிடப்பாளே என்று இரக்கப்பட்டு அவள் பிள்ளையை விடவும் வேண்டாம், என் மேல் உள்ள கோபத்தில் பிடுங்கிக்கொண்டு போகவும் வேண்டாம். பெற்றவள் வந்து பிள்ளையின் முகத்தைப் பார்க்கட்டும், அவள் சொல்வதுதான் முடிவு. எப்படிச் சொன்னாலும் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவளிடம் மன்னிப்பு என்று எழுதினால் அவள் மாமியாரிடம் எப்படி இல்லை என்பாள், அதனால் அதை எழுதவில்லை.

மார்கழி விடுமுறைக்குக் கண்டிப்பாக இரண்டு பேரும் வாருங்கள். தொட்டில் பிள்ளையின் பால் போத்தலைக் கொதிநீரில் போட்டெடுக்காமல் வாயில் வைக்கவேண்டாம், வழியில் ஸ்டேஷனில் விற்கிற வெட்டின பழம் ஒன்றும் வாங்கித் தின்னவேண்டாம், குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். பிள்ளைக்கு எப்போதாவது வயிறு போனால் முதலில் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுக்கவேண்டும், கேட்கக் கேட்கக் கொடுக்கவேண்டும், இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். உனக்கும் சரோஜாவுக்கும் சின்னவனுக்கும் முத்துமாரி துணை இருந்து நோய்நொடி இல்லாமல் நூறு வயசு வாழவைக்கட்டும். லீலாவின் உடுப்புகளைத் துவைத்து மடித்து ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன், பெட்டியை இன்னும் கட்டவில்லை. கட்டுவதா, எடுத்துத் திரும்பவும் கொடியில் போடுவதா என்பது சரோஜாவின் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
பெரியாயி